மூஸ், மிளா, காட்டுமாடு: எது பெரியது, எதன் கொம்பு பெரியது?

கனடாவிலும் நார்வேயிலும் இருக்கும் உறவினர்கள் அனுப்பும் வீடியோக்கள் மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கம் கைபேசிக்குக் கைபேசி சுற்றிக்கொண்டே இருக்கின்றன. பனி மூடிய சாலையில், நிற்கும் காரின் கூரைக்கு மேலே முதுகு தெரிய, நெட்டைக் காலுடன் ஒரு விலங்கு நிதானமாகக் கடந்து போகும். 'மக்கா, ஆனைத் தண்டி மானைப் பாத்தியா' என்று கூடவே ஒரு குறிப்பு வரும். அப்புறம் வாதம் தொடங்கிவிடும். அது நம்ம ஊர் மிளாதான், அதாவது கடமான்தான் என்பார் ஒருவர். எல்க் என்பார் இன்னொருவர். ஒன்றரை டன் எடை என்று எங்கோ படித்ததாக மூன்றாமவர் சொல்வார்.

அந்த விலங்கின் பெயர் மூஸ். இன்று உயிரோடிருக்கும் மான் இனங்களில் அதுதான் பெரியது, அதில் சந்தேகமில்லை. ஆனால் பெரியது என்றால் எவ்வளவு, எதைவிட என்று கேட்டால் பதில்கள் ஆளுக்கொரு பக்கம் போகின்றன. பேச்சிப்பாறைக்கு மேலே, குமரி மாவட்டத்தின் சொந்தக் காட்டிலேயே, மூஸைவிடக் கனமான குளம்பு விலங்கான காட்டுமாடு மேய்கிறது. கொம்பு விஷயத்திலோ நிலைமை வேறு. மூஸின் கொம்புக்கு ஈடுகொடுக்கும் மான் நம் நாட்டில் இல்லை. இல்லாமல் போனதற்குக் காரணம் மிளாவின் பலவீனம் என்று நினைக்க வேண்டாம். வெயில், மழை, பகல் நேரம் இவை எல்லாம் சேர்ந்து போட்ட கணக்கு அது.

முதலில் அளவுகோல்

ஒரு விலங்கின் உயரம் என்று துறைசார்ந்தவர்கள் சொல்வது தோள் உயரத்தைத்தான், அதாவது முன்னங்கால் குளம்பிலிருந்து தோளின் மேல்முனை வரை. தலையும் கொம்பும் கணக்கில் சேராது. வீடியோ பார்ப்பவர்கள் கொம்பு நுனி வரை அளந்துவிடுகிறார்கள். யானை அளவு மான் என்ற பேச்சு பாதி அங்கேதான் பிறக்கிறது. மீதிப் பாதிக்கான காரணங்கள்:

1. சராசரியையும் சாதனையையும் கலப்பது. அலாஸ்காவில் வளர்ந்த ஆண் மூஸ் பெரும்பாலும் 500 முதல் 700 கிலோ. 1897-இல் யூகான் ஆற்றுப் பகுதியில் சுடப்பட்ட ஒன்று 820 கிலோ எடை, 2.33 மீட்டர் தோள் உயரம் என்று பதிவாகியிருக்கிறது. அந்த ஒற்றை விலங்கை வைத்து எல்லா மூஸையும் பேசுவது, ஊரிலேயே உயரமான ஆளை வைத்து ஊரின் உயரத்தைச் சொல்வதாகும்.

2. எந்த நாட்டு மூஸ் என்று பார்க்காதது. ஸ்வீடன், நார்வே மூஸ்கள் அலாஸ்கா மூஸைவிடச் சிறியவை. பெண் மூஸ் எங்கேயும் ஆணைவிடச் சிறியது. அதற்குக் கொம்பும் கிடையாது.

3. கொம்பின் நீளமா, விரிவா என்று சொல்லாமல் விடுவது. விரிவு என்றால் இரண்டு கொம்புகளின் வெளி ஓரங்களுக்கு இடையே உள்ள நேர்த்தூரம். நீளம் என்றால் ஒரு கொம்பின் வளைவை ஒட்டி நாடா வைத்து அளப்பது. இரண்டும் வேறு வேறு எண்கள்.

4. பெயர்க் குளறுபடி. ஐரோப்பாவில் எல்க் என்றால் மூஸ். அமெரிக்காவில் எல்க் என்றால் வாபிட்டி என்ற வேறு மான். இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்த பிரிட்டிஷ்காரர்கள் மிளாவையே எல்க் என்று அழைத்தார்கள். ஊட்டி முருகன் கோயில் இருக்கும் எல்க் ஹில்லின் பெயர் இதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. இணையத்தில் எல்க் எடை என்று தேடினால் எந்த விலங்கின் எண் வரும் என்பது தேடுபவரின் அதிர்ஷ்டம்.

மனக்கண்ணில் நிறுத்திக்கொள்ள ஒரு வழி உண்டு. நம் வீடுகளின் வாசல் நிலை வழக்கமாக 7 அடி உயரம், மூன்றரை அடி அகலம். 7 அடி என்றால் 2.13 மீட்டர். பெரிய அலாஸ்கா மூஸை நிலையருகே நிறுத்தினால் அதன் தோள் மேற்கட்டையைத் தொட்டுவிடும். தலையும் கொம்பும் அதற்கு மேலே. நன்றாக வளர்ந்த கொம்பின் விரிவு 1.5 முதல் 1.8 மீட்டர், மிகப் பெரியவற்றில் 2 மீட்டர். ஒற்றைக் கதவு என்ன, இரண்டு நிலையை அடுத்தடுத்து வைத்தாலும் கொம்பு இடிபடாமல் நுழைவது சிரமம்.

கொம்பு என்று நாம் சொல்லும் நான்கு பொருள்கள்

மிளாவின் தலையில் இருப்பதும் கொம்பு, காட்டுமாட்டின் தலையில் இருப்பதும் கொம்பு, தந்தமுள்ள யானையும் கொம்பன். பேச்சுக்கு இது போதும். ஒப்பிட்டு அளக்க வேண்டுமானால் போதாது, ஏனென்றால் இவை வேறு வேறு பொருளால் ஆனவை, வேறு வேறு முறையில் வளர்பவை.

1. மான்கொம்பு. முழுக்க எலும்பு. கிளை விடும். ஆண்டுக்கொருமுறை உதிர்ந்து புதிதாக முளைக்கும். மூஸ், மிளா, புள்ளிமான், கேளையாடு எல்லாவற்றுக்கும் இதுதான். ஆணுக்கு மட்டுமே வரும். பனிமான் மட்டும் விதிவிலக்கு. அதில் பெண்ணுக்கும் கொம்பு உண்டு.

2. மாட்டுக்கொம்பு. உள்ளே எலும்புத் தண்டு, மேலே நகத்தின் பொருளான கெரட்டினால் ஆன உறை. கிளை விடாது, உதிராது, ஆயுள் முழுக்க வளரும். காட்டுமாடும் வரையாடும் இந்த வகை. தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாட்டில் திரியும் வெளிமானும் இதே வகைதான். பெயர்தான் மான், குடும்பம் மாட்டுக் குடும்பம். கேளையாடு நேரெதிர்: பெயரில் ஆடு, குடும்பம் மான்.

3. காண்டாமிருகக் கொம்பு. உள்ளே எலும்பே கிடையாது. முழுக்கக் கெரட்டின்.

4. யானையின் தந்தம். இது பல், மேல்தாடையின் வெட்டுப்பல் நீண்டு வெளியே வந்தது. 2023 ஜூனில் தேனி மாவட்டத்தில் பிடித்து மேல்கோதையாறு பக்கத்துக் காட்டில் விடப்பட்ட அரிக்கொம்பனின் கொம்பும் பல்தான். ஆப்பிரிக்க யானைத் தந்தங்களில் ஒற்றைத் தந்தமே 100 கிலோவைத் தாண்டியதாகப் பதிவு உண்டு. ஆனால் அது பல பத்தாண்டு சேமிப்பு.

எலும்புக்கும் கெரட்டினுக்கும் உள்ள வித்தியாசத்தை நெருப்பு காட்டிக்கொடுத்துவிடும். கெரட்டின் முடி கருகும் நாற்றத்தோடு எரிந்து ஒன்றுமில்லாமல் போகும். மான்கொம்பை எரித்தால் வெள்ளைச் சாம்பல் மிஞ்சும். அதில் பெரும்பகுதி கால்சியமும் பாஸ்பரஸும். சித்த மருத்துவத்தில் மான்கொம்பைப் புடம் போட்டுப் பற்பம் எடுக்க முடிந்ததன் காரணம் இதுதான். வர்மமும் சித்தமும் வேரோடிய குமரியில் வயதானவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது.

எடையும் உயரமும்

கீழிருந்து மேலே போவோம். எண்கள் வளர்ந்த ஆண் விலங்குக்கானவை.

1. சருகுமான்: சுமார் 3 கிலோ. தோள் உயரம் ஒரு அடி. கொம்பு இல்லை. உண்மையில் இது மான் குடும்பத்திலேயே சேராது.

2. கேளையாடு: 20 முதல் 25 கிலோ. சில அங்குலக் கொம்பு. வாயோரம் துருத்தும் கோரைப்பல்லும் உண்டு.

3. புள்ளிமான்: 70 முதல் 90 கிலோ, தோள் உயரம் 90 சென்டிமீட்டர் அளவில்.

4. மிளா: 200 முதல் 300 கிலோ, 1.2 முதல் 1.5 மீட்டர். கொம்பு 1 மீட்டர் வரை, அபூர்வமாக அதற்கு மேல். பக்கத்துக்கு மூன்று முனை.

5. வாபிட்டி: 300 முதல் 450 கிலோ, 1.5 மீட்டர்.

6. அலாஸ்கா மூஸ்: 500 முதல் 700 கிலோ, 1.9 முதல் 2.1 மீட்டர்.

7. காட்டுமாடு: 700 முதல் 1,000 கிலோ, சில காளைகள் அதற்கும் மேல். 1.7 முதல் 2 மீட்டர்.

8. ஆசிய யானை: 4 டன் அளவு, 2.7 முதல் 3 மீட்டர்.

ஆறாவதையும் ஏழாவதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உயரத்தில் மூஸ் காட்டுமாட்டுக்குச் சமம் அல்லது ஒரு பிடி கூடுதல். எடையில் காட்டுமாடு முந்துகிறது. மூஸ் உயரமாகத் தெரிவது காலால்: இடுப்பளவு பனியிலும் சதுப்பிலும் நடக்கக் கிடைத்த நெடுங்கால். காட்டுமாட்டின் கனம் உடம்பில் இருக்கிறது. சுமார் 402 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்தில் யானையும் காட்டுமாடும் மிளாவும் வரையாடும் இருக்கும்போது, பெரிய விலங்கைப் பார்க்க அலாஸ்கா வரை போக வேண்டியதில்லை என்பது என் கட்சி. கொம்பைப் பார்க்கத்தான் போக வேண்டும்.

அதிலும் ஒரு திருத்தம். உலகிலேயே நீளமான கொம்பு எது என்று கேட்டால் பதில் மூஸ் கிடையாது. 1955-இல் சுடப்பட்ட ஆசியக் காட்டெருமை ஒன்றின் கொம்பு, நுனியிலிருந்து நெற்றி வழியாக மறு நுனி வரை வளைவை ஒட்டி அளந்தால் 4.24 மீட்டர். இது நம் வீட்டு எருமையின் மூதாதை; காட்டெருமை என்று செய்தித்தாள்கள் நம் காட்டுமாட்டைச் சொல்வதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்த 4.24 மீட்டரும் வாழ்நாள் முழுக்க வளர்ந்தது. மூஸின் கொம்பு ஐந்து மாதத்தில் வளர்வது.

ஏன் வடக்கே போகப் போக உடல் பெரிதாகிறது

1.4 மீட்டர் தோள் உயரமும் 230 கிலோ எடையும் உள்ள மிளாவை அப்படியே 2 மீட்டருக்கு உயர்த்துவதாக வைத்துக்கொள்வோம். உயரம் 1.43 மடங்கு கூடுகிறது. தோலின் பரப்பு அதன் வர்க்கமாக, சுமார் 2 மடங்கு கூடும். எடை அதன் மூன்றாம் அடுக்காக, ஏறக்குறைய 2.9 மடங்கு கூடும். 230 கிலோ 670 கிலோ ஆகிவிடுகிறது. அலாஸ்கா மூஸின் எடையும் அதுதான். உடலைப் பொறுத்தவரை மூஸ் என்பது பெரிதாக்கிய மிளா என்று தோராயமாகச் சொல்லலாம், காலின் நீளத்தை விட்டுவிட்டால்.

இதில் கவனிக்க வேண்டியது, எடை மூன்று மடங்கு ஆகும்போது தோல் இரண்டு மடங்குதான் ஆகிறது. உடல் சூட்டை உண்டாக்குவது சதை, வெளியே விடுவது தோல். ஒரு கிலோ உடலுக்குக் கிடைக்கும் தோல் பரப்பு மிளாவைவிட மூஸுக்கு ஏறத்தாழ 30 சதவீதம் குறைவு. மைனஸ் 40 டிகிரிக் குளிரில் இது லாபம், அதே அளவில் நாகர்கோவில் மே மாதத்தில் நஷ்டம். ஒரே வகை விலங்குகளில் குளிர்ப் பகுதியில் வாழ்பவை பெரிதாக இருக்கும் என்ற இந்தப் போக்கை 1847-இல் ஜெர்மன் அறிஞர் கார்ல் பெர்க்மன் எடுத்துச் சொன்னார். அவர் பெயராலேயே பெர்க்மன் விதி என்கிறார்கள்.

அப்படியானால் யானை எப்படி வெப்ப மண்டலத்தில் வாழ்கிறது? விதி நெருங்கிய உறவு விலங்குகளுக்குள் ஒப்பிடத்தான். யானையையும் மானையும் ஒப்பிட அல்ல. யானை உடலில் முடி குறைவு, ரத்த நாளங்கள் நிறைந்த காதை விசிறிச் சூட்டைத் தள்ளுகிறது, நாள் தவறாமல் தண்ணீர் தேடுகிறது. மூஸிடம் அந்த அளவுக்கு ஏற்பாடு இல்லை. அதன் முடி உள்ளீடற்றது. சூட்டைப் பிடித்து வைப்பதே அதன் வேலை.

ஆண்டுதோறும் முளைக்கும் எலும்பு

மான்கொம்பின் விசித்திரம் முழுவதும் இங்கே இருக்கிறது. பாலூட்டிகளில் ஓர் உறுப்பு முழுதாக விழுந்து முழுதாகத் திரும்ப முளைப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. மூஸுக்கு அது நடக்கும் வரிசை:

1. வசந்தத்தில் பகல் நீளத் தொடங்குகிறது. கண் வழியாக மூளைக்கு அந்தச் செய்தி போய், ஹார்மோன்கள் மாறுகின்றன. மண்டை எலும்பில் இருக்கும் இரண்டு குமிழ்களிலிருந்து கொம்பு கிளம்புகிறது.

2. வளரும் கொம்பை ஒரு மென்தோல் மூடியிருக்கும். தொட்டால் வெல்வெட் போல இருப்பதால் அதற்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அதற்குள் ரத்தம் ஓடுகிறது, நரம்பும் உண்டு. கையால் தொட்டால் சூடு தெரியும். இந்தக் காலத்தில் ஆண் மூஸ் கொம்பை எதிலும் இடிக்காமல் பார்த்துக்கொள்ளும்.

3. கோடையின் உச்சத்தில் நாளுக்கு 2 சென்டிமீட்டர் வரை வளர்கிறது. விலங்குலகில் இவ்வளவு வேகமாக வளரும் எலும்பு வேறு கிடையாது.

4. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண்பாலின ஹார்மோன் ஏறுகிறது. ரத்த ஓட்டம் நிற்கிறது, எலும்பு இறுகுகிறது, தோல் கந்தல் கந்தலாகக் கிழிந்து தொங்குகிறது. மரங்களில் உரசி அதை உரித்துவிடும். அந்த நாட்களில் கொம்பு ரத்தம் பூசியது போல் சிவந்திருக்கும். வீடியோவில் பார்த்து அடிபட்டுவிட்டது என்று பரிதாபப்பட வேண்டாம்.

5. செப்டம்பர் இறுதி, அக்டோபரில் இணைசேரும் பருவம். ஆண்கள் கொம்பைக் காட்டி மிரட்டும், மோதும், சாப்பாட்டைக் குறைத்துவிடும். உடல் எடையில் 5-இல் ஒரு பங்கு வரை கரையக்கூடும்.

6. குளிர்காலம் தொடங்கியதும் டெஸ்டோஸ்டிரோன் இறங்குகிறது. கொம்பும் குமிழும் சேரும் இடத்தில் எலும்பை அரிக்கும் செல்கள் வேலை செய்து இணைப்பைத் தளர்த்துகின்றன. கொம்பு விழுகிறது. பெரிய ஆண்கள் முதலில் உதிர்க்கும்.

கொம்பை ஆட்டிவைப்பது ஆண்பாலின ஹார்மோன்தான் என்பதற்கு ஒரு சான்று உண்டு. வெல்வெட் பருவத்தில் விதையடித்த மானுக்குக் கொம்பு முற்றுவதே இல்லை, தோலும் உரிவதில்லை.

இப்போது செலவைப் பாருங்கள். பெரிய மூஸின் கொம்பு ஜோடி 30 கிலோவைத் தாண்டும். 150 நாளில் 30 கிலோ என்றால் நாளுக்கு 200 கிராம். அதில் சுமார் பாதி தாது உப்பு. தின்னும் இலை தழையிலிருந்து இவ்வளவு தாது அன்றாடம் கிடைக்காது. அதனால் விலா எலும்பு போன்றவற்றிலிருந்து கால்சியத்தைக் கடன் எடுத்துக் கொம்பில் போடுகிறது உடல். கோடை நடுவே மானின் எலும்புகள் உண்மையிலேயே மெலிந்திருக்கும். கொம்பு முற்றியபின் தீனியிலிருந்து திரும்பக் கட்ட வேண்டும், அதுவும் குளிருக்கு முன்பே.

இந்தச் செலவைத் தாங்க வடக்கின் கோடை உதவுகிறது. குறுகிய கோடை, நீண்ட பகல், ஒரே நேரத்தில் வெடித்துக் கிளம்பும் இளந்தளிர். மூஸ் நாளுக்கு 20 கிலோவுக்கு மேல் தின்கிறது. ஏரிக்குள் இறங்கி, தலையை முக்கி, நீர்த்தாவரங்களைப் பிடுங்கித் தின்பது சோடியத்துக்காக. கரையிலுள்ள தழையில் அது குறைவு. நம் மிளாவும் நீரில் இறங்கி நீர்த்தாவரம் தின்பதுண்டு.

கொம்பின் வடிவமும் வேறு. மிளாவுக்குக் கவட்டை கவட்டையாகப் பிரியும் தண்டு. மூஸுக்குத் தட்டையாக விரிந்து ஓரத்தில் கூர்கள். இந்தத் தட்டையான பரப்பு ஒலியைக் காதுப் பக்கம் திருப்புகிறது என்று மூஸ் கொம்பில் செயற்கைக் காதை வைத்து 2008-இல் செய்த ஆய்வு ஒன்று காட்டியது. கொம்பு அதற்காகவே தோன்றியது என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. கிடைத்த உபரி லாபம், அவ்வளவுதான்.

மிளாவுக்கு ஏன் அப்படி வளரவில்லை

விடை சூரியனில் இருக்கிறது. கன்னியாகுமரி பூமத்திய ரேகைக்கு வடக்கே 8 டிகிரியில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரம்கூட இல்லை. 61 டிகிரியில் இருக்கும் அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் அந்த வித்தியாசம் ஏறக்குறைய 14 மணி நேரம்.

மூஸின் உடலுக்குப் பகல் நீளம் ஒரு கறாரான நாட்காட்டி. குட்டி வசந்தத்தின் இறுதியில் பிறந்தே ஆக வேண்டும். தாமதமானால் பனிக்கு முன் தேறாது. அதனால் எல்லாப் பெண்களும் இலையுதிர் காலத்தில் சில வாரங்களுக்குள் இணைசேரத் தயாராகின்றன. போட்டி முழுவதும் அந்தச் சில வாரத்துக்குள் நெருக்கியடிக்கிறது. அந்தக் குறுகிய காலத்தில் பெரிய கொம்போடு நிற்பவனுக்கு லாபம் மிக அதிகம். கொம்பு பெரிதாகும் திசையில் தலைமுறை தலைமுறையாகத் தேர்வு நடக்கிறது.

குமரியில் அந்த நெருக்கடி இல்லை. தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. பச்சை முழுதாக வற்றும் மாதம் குறைவு. குட்டி எந்த மாதம் பிறந்தாலும் பனியில் சாகாது. பெரும்பாலான மிளாக்கள் கோடையை ஒட்டிக் கொம்பு உதிர்த்தாலும் எல்லாம் ஒரே வாரத்தில் உதிர்ப்பதில்லை. புள்ளிமான் கூட்டத்தில் இது இன்னும் பளிச்சென்று தெரியும்: ஒரே நாளில், ஒரே கூட்டத்தில், முற்றிய கொம்போடு ஒன்று, வெல்வெட் தோலோடு ஒன்று, இப்போதுதான் உதிர்த்து மொட்டைத் தலையோடு ஒன்று. மான் பூங்காவில் பார்த்துவிட்டு இரண்டு இனம் இருப்பதாக நினைப்பவர்கள் உண்டு. இனம் ஒன்றுதான், நாட்காட்டி வேறு வேறு.

போட்டி ஆண்டு முழுக்கப் பரவிக் கிடக்கும்போது, எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் கொம்பில் கொட்டுவது வீண் செலவு. அடர்காடும் ஒரு தடை. கோதையாற்றுச் சரிவில் கொடியும் பிரம்பும் பின்னிக் கிடக்கும் காட்டில் 2 மீட்டர் அகலக் கொம்பைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. மிளா தலையைப் பின்னால் சாய்த்துக் கொம்பை முதுகோடு படுக்க வைத்துப் புதருக்குள் புகுந்துவிடும்.

இதைவிடப் பெரிய கொம்பு இருந்தது

ஐரிஷ் எல்க் என்று அழைக்கப்படும் அழிந்துபோன மான், தோள் உயரத்தில் மூஸுக்குச் சமம். கொம்பின் விரிவோ 3.5 மீட்டர் வரை. அந்தக் கொம்பின் எடை 40 கிலோ. அயர்லாந்தின் சதுப்புகளில் எலும்புகள் ஏராளமாகக் கிடைத்ததால் வந்த பெயர். ஐரோப்பா முதல் சைபீரியா வரை வாழ்ந்தது. சைபீரியாவில் சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன்பு வரை இருந்திருக்கிறது.

கொம்பு பெரிதாகிப் பெரிதாகி, தூக்க முடியாமல் அழிந்தது என்ற கதையைப் பள்ளிக் காலத்தில் கேட்டிருப்போம். தொல்லுயிர் அறிஞர் ஸ்டீபன் ஜே கோல்ட் 1974-இல் எலும்புக்கூடுகளை அளந்து வெளியிட்ட ஆய்வு அதைக் கலைத்துப் போட்டது. மான் குடும்பத்தில் உடல் பெரிதாகும்போது கொம்பு அதைவிட வேகமாகப் பெரிதாகும். அந்த உடலுக்கு அந்தக் கொம்பு பொருத்தமானதுதான். அழிவுக்குக் காரணம் தேடுபவர்கள் இப்போது பார்ப்பது தட்பவெப்ப மாற்றத்தையும் தீவனக் குறைவையும் மனித வேட்டையையும். ஆண்டுதோறும் 40 கிலோ எலும்பு கட்ட வேண்டிய விலங்குக்குத் தீவனம் குறைந்தால் முதலில் அடி விழும் இடம் எது என்பது மேலே போட்ட கணக்கிலேயே இருக்கிறது.

அளவின் விளைவுகள்

கனடாவுக்கோ ஸ்வீடனுக்கோ வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கால் நீளம் வெறும் பொது அறிவுச் செய்தியாக நின்றுவிடாது. சாதாரண மான் மீது கார் மோதினால் முன்பக்கம் நொறுங்கும். மூஸ் மீது மோதினால் பம்பர் காலைத் தட்டிவிட, 500 கிலோ உடம்பு நேராகக் கண்ணாடி வழியாக உள்ளே வரும். கரும்பழுப்பு நிறம், இரவில் தெரியாது. கண்ணும் பெரும்பாலும் விளக்கு வெளிச்சத்துக்கு மேலே இருப்பதால் மின்னாது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் 1904-இல் கொண்டுவந்து விட்ட நான்கு மூஸ்களிலிருந்து இன்று ஒரு லட்சத்துக்கு மேல் பெருகியிருக்கின்றன. இருட்டியபின் நெடுஞ்சாலையில் வண்டி எடுக்காதே என்று அங்கே சொல்வது சும்மா இல்லை. சாலையில் திடீரென எதிர்ப்படும் தடையை வளைத்து விலகும் சோதனைக்கே ஸ்வீடனில் மூஸ் பெயர்தான். 1997-இல் மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் கார் அந்தச் சோதனையில் கவிழ்ந்து உலகச் செய்தியானது. அதன்பின் அந்த மாடலில் மின்னணு நிலைப்புக் கருவியைக் கட்டாயமாகப் பொருத்தினார்கள்.

இன்னொரு விளைவு வெப்பம். கோடையில் 14 டிகிரியைத் தாண்டினாலே மூஸுக்கு மூச்சு வாங்கத் தொடங்குகிறது. குளிர்கால முடியோடு இருக்கும்போது மைனஸ் 5 டிகிரியே அதிகம். குமரி மலைகளின் உச்சியில்கூட அதற்கு இடமில்லை. அமெரிக்காவின் வடமேற்கு மினசோட்டாவில் 1980-களில் சுமார் 4,000 இருந்த மூஸ், 2007 வாக்கில் 100-க்கும் கீழே போனது. நோய், ஒட்டுண்ணி, ஊட்டக்குறைவு எல்லாம் சேர்ந்த சரிவு அது. வெப்பம் அவற்றைக் கூட்டிவிட்டதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். குளிர் குறைந்தால் மூஸ் உண்ணிகள் பெருகும். ஒரே கன்றின் மேல் பல்லாயிரம் உண்ணி ஏறி ரத்தம் உறிஞ்சிக் கொல்வது அமெரிக்காவின் வடகிழக்கில் இப்போது பெரிய கவலை.

கீழே கிடக்கும் கொம்பு யாருடையது

குமரியில் இந்தப் பேச்சு கடைசியில் வந்து நிற்பது இங்கேதான். பழைய வீடுகளின் முன்கட்டில் சட்டை மாட்ட மிளாக்கொம்பு அடித்து வைத்திருப்பது ஒரு காலத்து வழக்கம். அது உதிர்ந்ததா, வேட்டையாடியதா என்று கண்டுபிடிப்பது எளிது. அடிப்பகுதியைப் பாருங்கள். உதிர்ந்த கொம்பின் அடி வட்டமாக, லேசாகக் குவிந்து, பொடிப்பொடிக் குழிகளோடு சொரசொரப்பாக இருக்கும். சுற்றிலும் முண்டு முண்டாக ஒரு வளையம். கொன்று எடுத்ததில் அந்த வளையத்துக்குக் கீழே மண்டை எலும்புத் துண்டும், வெட்டிய அல்லது அறுத்த தடமும் இருக்கும். காட்டில் பல நாள் கிடந்த கொம்பில் இணை இணையான பள்ளங்கள் தெரிந்தால் அது முள்ளம்பன்றியின் பல் வேலை. தாது உப்புக்காக அது கொம்பைக் கொறிக்கிறது.

சட்டத்துக்கு இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி:

1. காட்டு விலங்கின் கொம்பு, தானாக உதிர்ந்ததானாலும், அரசுச் சொத்து. காணிக்காரர் குடியிருப்புக்குப் பக்கத்தில் கிடந்தாலும், ரப்பர் தோட்டத்து ஓரத்தில் கிடந்தாலும் எடுத்துப் போக உரிமை கிடையாது. வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும்.

2. வீட்டில் பழைய கொம்பு இருந்தால் தலைமை வன உயிரினக் காப்பாளர் தந்த உரிமைச் சான்று வேண்டும். அறிவிக்காமல் வைத்திருந்தவர்களுக்காக 2003-இல் 180 நாள் அவகாசம் தரப்பட்டது. அது முடிந்துவிட்டது.

3. சான்று இருந்தாலும் விற்க முடியாது. வாரிசுக்குப் போகலாம், அதற்கும் உரிய அலுவலகத்தில் தெரிவித்துப் பெயர் மாற்ற வேண்டும்.

அலாஸ்காவிலோ கனடாவிலோ உதிர்ந்த மூஸ் கொம்பைப் பொறுக்கி வீட்டு வாசலில் மாட்டுவது பல இடங்களில் சகஜம். பூங்காக்களில் தடை உண்டு. அங்கே பார்த்த பழக்கத்தில் இங்கே விடுமுறைக்கு வந்தவர் கீரிப்பாறைக் காட்டோரம் கிடந்த மிளாக்கொம்பைப் பெட்டியில் வைத்துக்கொண்டு விமான நிலையம் போனால், சிக்கப்போவது சுங்கத்தில் மட்டுமில்லை, வனத்துறை வழக்கிலும்தான்.